இரண்டாம் பாதியில் இடப்பக்கம்

பனியன் கம்பெனிக்குப் பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகளாகத் திருப்பூர் லைன் வீடுகளில் வளர்ந்து, இப்போது நாற்பதை நெருங்கிக்கொண்டிருக்கும் நம் ஆட்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். டிவியில் ஒயரைச் செருகி விளையாடினோமே, அந்தக் கேம் பெட்டி உங்களுக்கு நினைவிருக்கும். கேசட்டை எடுத்து ஊதி ஊதித் திரும்பச் செருகுவோம். அதை இப்போது மறுபடியும் செய்து விற்கிறார்கள். நம் வயதுக்காரர்கள் கடையில் நின்று அதைத் தொட்டுப் பார்ப்பதைப் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். இத்தனை புதுசு வந்த பிறகும் இது எதற்கு என்று அவர்களுடைய பிள்ளைகள் கேட்கும். பதில் தெரியாமல் இவர்கள் சிரிப்பார்கள்.

எனக்குத் தெரிந்த பதில் ஒன்று உண்டு. புதிய ஆட்டங்கள் மாதத்துக்கு ஒரு தடவை தம்மை மாற்றிக்கொள்கின்றன. பழையது மாறாது. நேற்று எந்த இடத்தில் கோல் விழுந்ததோ, இன்றும் அதே இடத்தில்தான் விழும். அது மாறாததால்தான் என் அக்காவின் கண் மாறிக்கொண்டிருந்தது எங்கள் வீட்டில் எனக்கு முதலில் தெரிந்தது. தெரிந்ததைச் சொல்லவும் செய்தேன்.

எங்களுக்கு ஊர் தெற்கே, கோவில்பட்டிக்குப் பக்கம். மழை இரண்டு வருடம் ஏமாற்றியதும் அப்பா எங்களை ரயிலேற்றித் திருப்பூருக்குக் கூட்டி வந்தார். தாராபுரம் ரோட்டுப் பக்கம் ஒரு லைன் வீடு. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக அறைகள், எல்லாருக்குமாக ஒரு கக்கூஸ், ஒரு தண்ணீர்த் தொட்டி. அப்பா ஓவர்லாக் டைலர், பனியனுக்குக் கை வைத்துத் தைப்பவர். அம்மா அதே கம்பெனியில் பிசிறு வெட்டினாள். அக்கா பத்தாவது முடித்ததும் செக்கிங்கில் சேர்ந்தாள். தைத்து வரும் பனியனை மேஜையில் விரித்து, ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் எல்லாவற்றையும் கண்டுபிடித்து, பழுதுள்ள இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். சாயங்காலம் அவள் வரும்போது சுடிதார்க் கையில் நாலைந்து அம்புகள் ஒட்டியிருக்கும். தலைமுடியில்கூட இருக்கும். அம்மா சோறு போட்டுக்கொண்டே அவற்றைப் பிய்த்து எடுப்பாள்.

நான் அப்போது ஆறாம் வகுப்பு.

ஆயுத பூஜைக்கு முன்னால் முதலாளி வீட்டை ஒட்டடை அடிக்கக் கம்பெனிப் பெண்கள் சிலரைக் கூப்பிடுவார்கள். அந்த வருடம் அக்கா போனாள். பரணில் இருந்து இறக்கிய சாமான்களில் அந்தப் பெட்டி இருந்தது. முதலாளியின் மகனுக்குப் புதுசு வந்துவிட்டது.

"ஏங்கண்ணு, உங்கூட்டுல சின்னப் பையன் இருக்கறானல்லோ? எடுத்துட்டுப் போ. இங்க கெடந்து எலிதான் கடிக்கும்" என்று முதலாளியம்மா கொடுத்துவிட்டாராம்.

பெட்டி மஞ்சளேறிப் போயிருந்தது. கையில் பிடித்து ஆட்டுகிற இரண்டு கையாளிகளில் ஒன்றின் பட்டன் அமுக்கினால் எழுந்திருக்க யோசிக்கும். கேசட்டில் நாலு ஆட்டம் என்று படம் போட்டிருந்தது. மூன்று ஓடவில்லை. அப்பா வேஸ்ட் துணியை மண்ணெண்ணெயில் தொட்டு உள்ளே துடைத்துப் பார்த்தார். அப்புறமும் ஃபுட்பால் ஒன்றுதான் ஓடியது.

எங்கள் ஊரில் யாரும் ஃபுட்பால் பார்த்ததில்லை. ஆனால் எங்கள் கம்பெனியில் அந்த வருடம் வெளிநாட்டு ஆர்டர் முழுக்க ஃபுட்பால் சட்டைகள். நம்பர் கோணலாக விழுந்து கழித்த சிவப்புச் சட்டை ஒன்று அக்காவிடம் இருந்தது. டிவி முன்னால் உட்கார்ந்தால் சுடிதாருக்கு மேல் அதைத்தான் போட்டுக்கொள்வாள். அதனால் அவள் எப்போதும் சிவப்பு அணி, நான் நீலம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காலைப் பூசை முடிந்து வந்ததும் அம்மா கறி வாங்கப் போவாள், அப்பா படுத்துவிடுவார். அந்த நேரம் எங்களுடையது.

ஆட்டம் எளிது. முதல் பாதியில் சிவப்பு வலப்பக்கமாக ஓடிக் கோல் போட வேண்டும். விசில் ஊதியதும் பக்கம் மாறும். இரண்டாம் பாதியில் இடப்பக்கம். கீப்பரை நாம் ஆட்ட முடியாது, அவனைப் பெட்டியே ஆட்டிக்கொள்ளும். அந்த கீப்பரிடம் ஒரு கோளாறு இருந்தது. கோலுக்கு முன்னால் இருக்கும் கட்டத்தின் மேல் மூலைக்குக் கொஞ்சம் வெளியே நின்று அடித்தால், அவன் எதிர்ப்பக்கம் பாய்ந்து படுத்துக்கொள்வான். பந்து காலி வலைக்குள் போகும். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். இதைக் கண்டுபிடித்தது அக்கா. பழுது கண்டுபிடிப்பதுதானே அவள் வேலை.

மைதானத்தின் ஓரம் வந்ததும் படம் மேற்கொண்டு நகராது, நின்றுவிடும். ஆகவே அந்த இடம் எப்போதும் டிவிக் கண்ணாடியில் ஒரே புள்ளியில்தான் வரும். அக்கா தன் கையிலிருந்து ஓர் அம்பைப் பிய்த்து வலப்பக்கம் அந்தப் புள்ளியில் ஒட்டினாள். இடப்பக்கமும் ஒன்று.

"ஏலே, இது கம்பெனிச் சட்டம். பழுது இருந்தா அம்பு ஒட்டணும்."

"அப்ப நானும் அங்கேயே நின்னு அடிப்பேன்."

"அடி. முதல்ல எங்கிட்டேருந்து பந்தை வாங்கு பாப்போம்."

வாங்க முடியாது. அவள் விரல்கள் அவ்வளவு வேகம். அப்பா செய்தித்தாளை முகத்தில் போட்டுப் படுத்திருந்தபடியே, "பையன அழவிடாதட்டீ" என்பார். அக்கா என்னை அழவைப்பாள். எனக்கு அது பிடிக்கும். வாரம் ஆறு நாள் அவள் என்னிடம் பேசவே தெம்பில்லாமல் வருவாள், தலைவலி என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். ஞாயிறு மட்டும் அவள் எனக்குக் கிடைத்தாள்.

கிறிஸ்மஸ் நெருங்கும்போது அக்கா தோற்க ஆரம்பித்தாள்.

அதிலும் ஒரு விதம் இருந்தது. முதல் பாதியில் பழையபடி என்னை நொறுக்குவாள். பக்கம் மாறியதும் பந்து அவள் காலைவிட்டுப் போய்விடும். நான் இடப்பக்கமிருந்து வந்து பறித்தால், "எங்கேருந்துல வந்தே?" என்பாள். நான் மறைந்தெல்லாம் வரவில்லை. மறைவதற்கு அந்த மைதானத்தில் ஒன்றும் கிடையாது. அவள் களைத்துப்போகிறாள், அதனால்தான் இரண்டாம் பாதி என்று நினைத்தேன். நான் கெட்டிக்காரன் ஆகிவிட்டேன் என்றும் நினைத்தேன். கிறிஸ்மஸ் அன்று நான் ஜெயித்ததை லைன் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அதே சமயம் கம்பெனியில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. அக்கா பார்த்து அனுப்பிய பனியன்களில் பழுது தப்பிப் போய், பேக்கிங்கில் மாட்டியது. எல்லாம் கையில் விட்டுப்போன தையல். மேஜையில் விரிக்கும்போது இடப்பக்கம் விழுகிற கை. அந்தக் கைகளைத் தைத்தவர் அப்பா. சூப்பர்வைசர் உள்ளூர்க்காரர், மரியாதையாகத்தான் பேசுவார். அந்த மரியாதையோடேயே நறுக்கென்று கேட்டார்.

"ஏனுங்க டைலரே, அப்பனையும் புள்ளையையும் ஒரே தையல் லைன்ல போட்டது எங்க தப்புங்க. நீங்க உடறதையெல்லாம் அம்மிணி மறச்சுத் தள்ளுதாட்ட இருக்குது."

"எம் புள்ள அப்படிச் செய்யாதுங்க."

"அப்பறம் எப்படிங்க உங்க கை மட்டும் அது கண்ணுல படாமப் போவுது?"

இதை அம்மா வீட்டில் வந்து சொன்னாள். அப்பா சொல்லவில்லை. கம்பெனியில் எல்லாருக்கும் அது நம்பும்படியாகத்தான் இருந்தது. தகப்பன் தப்பை மகள் மூடுகிறாள். அப்படிச் செய்கிற பிள்ளைகள் உண்டு, எங்களுக்கே தெரியும். அக்காவை வேறு லைனுக்கு மாற்றினார்கள். அங்கேயும் இடப்பக்கக் கை தப்பியது. அப்போதாவது யாராவது யோசித்திருக்கலாம். பெண்ணுக்கு வேலையில் கவனமில்லை என்று அவளைப் பிசிறு வெட்ட அனுப்பிவிட்டார்கள். அம்மாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து நூல் வெட்டினாள். அப்பா அவளிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். அவர் தைத்த கைக்கு அதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

பொங்கல் கழிந்து ஒரு ஞாயிறு. இரண்டாம் பாதி. அக்கா பந்தைக் கொண்டு இடப்பக்கம் வந்துவிட்டாள், கோல் பக்கத்தில் நின்று தடுமாறினாள். சட்டென்று கையாளியைக் கீழே வைத்தாள்.

"அம்பை ஏம்ல பிச்சே?"

"எந்த அம்பை?"

"இடப்பக்கம் ஒட்டியிருந்ததை. தோத்துருவோம்னு பிச்சுட்ட, என்ன?"

அம்பு அங்கேயே இருந்தது. கொஞ்சம் வெளுத்திருந்தது, அவ்வளவுதான். "இருக்கேக்கா" என்றேன். பொய் சொல்லுதியா என்று முதுகில் ஒன்று வைத்தாள். பலமான அடி. அழுதுகொண்டே எழுந்துபோய் அம்பின் மேல் விரலை வைத்துக் காட்டினேன். அவள் என் விரலைப் பார்க்கவில்லை. டிவிக்கு நடுவே நேராக முகத்தை வைத்துக்கொண்டு தேடினாள். பிறகு தலையை முழுக்க இடப்பக்கம் திருப்பினாள். அப்போது கண்டுகொண்டாள். அவள் முகத்தை நான் பார்த்தேன். சிவப்புச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, தண்ணீர் பிடிக்கப் போனாள்.

அன்று மத்தியானம் நான் அப்பாவிடம் சொன்னேன்.

"எப்பா, அக்காவுக்கு இடப்பக்கம் தெரியமாட்டேங்கு."

"எதுலல?"

"டிவியில. கேம்ல."

அப்பாவின் காதில் விழுந்தது அந்தக் கடைசி வார்த்தைதான். இத்தனை நாளும் அவருக்குப் புரியாமல் இருந்த எல்லாவற்றுக்கும் விடை கிடைத்த மாதிரி முகம் ஆகிவிட்டது. வீட்டுக்கார அம்மா வேறு அந்தச் சமயம் பார்த்து வாசலுக்கு வந்தார். "நாஞ் சொன்னனல்லோ? அந்தப் பொட்டிய அத்தன கிட்டக்க உக்காந்து பாத்தா கண்ணு என்னத்துக்காவும்? எந் தங்கச்சி பையனுக்கும் இப்படித்தானுங்க, கண்ணாடி போட்டாங்க."

"எப்பா, முதல் பாதியில நல்லாத் தெரியுது, ரெண்டாம் பாதியிலதான்..." என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா பெட்டியை ஒயரோடு சுருட்டி ஒரு மஞ்சப் பையில் போட்டார். பல்லடத்தில் பழைய சாமான் வாங்குகிற கடை ஒன்று அவருக்குத் தெரியும். சாயங்கால பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். அக்கா தடுக்கவில்லை. அவளுக்கே அதுதான் காரணமாக இருக்கும் என்று பட்டிருக்க வேண்டும். அல்லது காரணம் அதுவாக இருந்துவிட்டால் நல்லது என்று பட்டிருக்கலாம்.

பெட்டி போனால் கண் சரியாகும் என்று எல்லாரும் காத்திருந்தோம். கண்ணாடி போட்டார்கள். பொன்னாங்கண்ணிக் கீரை தினமும் வந்தது. வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கு அம்மா அவளைக் கூட்டிப் போய் நெற்றியில் எண்ணெய் பூசி வந்தாள். டிவியையே துணி போட்டு மூடிவிட்டோம். அக்கா வாசல் நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டாள். தட்டில் இடப்பக்கம் இருக்கும் பொரியலை விட்டுவிட்டு எழுந்தாள். பெட்டி இருந்திருந்தால் இன்னும் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்திருக்கும். அளந்து பார்க்க இருந்த ஒரே பொருளைத்தான் விற்றுவிட்டோம். இது எனக்கு ரொம்பப் பின்னால்தான் உறைத்தது.

கோடை விடுமுறையில் அவள் வாந்தி எடுக்க ஆரம்பித்ததும் கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். வீட்டில் விட ஆளில்லாததால் நானும் போனேன். சின்ன வயது டாக்டரம்மா. அக்காவைத் தன் மூக்கையே பார்க்கச் சொல்லிவிட்டு, ஒரு பேனாவைப் பக்கவாட்டிலிருந்து மெல்லக் கொண்டு வந்தார். தெரிந்ததும் சொல்ல வேண்டும். இடப்பக்கம் பேனா வந்துகொண்டே இருந்தது. அக்கா சொல்லவே இல்லை. நான் பெஞ்சில் உட்கார்ந்து, சொல்லு சொல்லு என்று மனதுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். ஏறக்குறைய மூக்குக்கு நேரே வந்த பிறகு, "தெரியுது" என்றாள்.

"இந்தப் பக்கம் எப்பலேருந்து தெரியல?"

"ஒரு நாலு மாசமா இருக்கும்" என்றார் அப்பா.

"கிறிஸ்மஸுக்கு முன்னாலேருந்து" என்றேன் நான்.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். எப்படித் தெரியும் என்று கேட்டார். முதல் பாதி, இரண்டாம் பாதி, கீப்பர், அம்பு எல்லாம் சொன்னேன். யாரும் என்னை அவ்வளவு நேரம் பேசவிட்டதில்லை. கேட்டு முடித்ததும் அப்பாவிடம், "அந்த கேம் வீட்ல இருக்கா?" என்றார்.

"இல்லம்மா. வித்துட்டேன்."

"ஏன்?"

"கண்ணு கெட்டுரும்னு" என்றார் அப்பா.

டாக்டரம்மா தலையை ஸ்கேன் எடுக்கச் சீட்டு எழுதினார்.

தலைக்குள் கட்டி. பார்வை நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. எடுத்துவிட்டார்கள், உயிருக்குப் பயமில்லை. மிச்சமிருக்கும் பார்வை அப்படியே நின்றாலும் நிற்கும் என்றார்கள். நிற்கவில்லை. அடுத்த ஆயுத பூஜைக்குள் அவளுக்கு வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை. முன்னாலேயே வந்திருந்தால் என்று எந்த டாக்டரும் எங்களிடம் சொல்லவில்லை. அப்பாதான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார், தைக்கும்போதும் சொல்வார் என்று அம்மா சொல்வாள். சூப்பர்வைசர் பழக்கூடையோடு வீட்டுக்கு வந்து, வாசலில் நின்றபடியே, "தப்பா நெனச்சுட்டனுங்க" என்றார். அப்பா அவருக்கு ஸ்டூலை எடுத்துப் போட்டார்.

ஆபரேஷன் முடிந்து வந்த புதிதில், வலப்பக்கம் இன்னும் கொஞ்சம் தெரிந்துகொண்டிருந்தபோது, அப்பா பல்லடத்துக்கு ஓடினார். பெட்டி கைமாறிப் போயிருந்தது. அதே மாதிரி புதுசு ஒன்று வாங்கி வந்தார். அதிலும் ஃபுட்பால் இருந்தது. ஆனால் அது வேறு ஃபுட்பால். அந்த மூலையிலிருந்து அடித்தால் கீப்பர் பந்தைப் பிடித்தான். அக்கா ஒரே ஒரு தடவை விளையாடிவிட்டு, "நல்லா இருக்குப்பா" என்றாள். மறுநாள் பக்கத்து அறைப் பிள்ளைகளிடம் கொடுக்கச் சொன்னாள். அப்பா அதைக் கொடுத்துவிட்டு ஷிஃப்டுக்குக் கிளம்பிப் போனார்.

அப்புறம் நாங்கள் ஊருக்குத் திரும்பினோம். நான் ஒன்பதாவதோடு நின்றேன். லாரியில் போனேன், சூரத்தில் சாயப்பட்டறையில் இருந்தேன், கேரளத்தில் செங்கல் சுமந்தேன். ஓரிடத்தில் இருக்க எனக்கு வராது. அப்பா இறந்த செய்தி நான் ரயிலில் இருக்கும்போது வந்தது. எந்த ஊரில் அந்த மாதிரிப் பெட்டியைக் கண்டாலும் நின்று, எங்கள் ஃபுட்பால் இருக்கிறதா என்று பார்ப்பேன். பெயர் தெரியாது. படத்தைப் பார்த்தால்தான் தெரியும். இருக்காது.

போன குளிர்காலம் லூதியானாவில் இருந்தேன். அங்கேயும் பனியன், ஸ்வெட்டர்தான். கோடவுனில் மூட்டை தூக்கினேன். ஞாயிறு நடைபாதைக் கடையில் ஒருவன் பழைய கேசட்டுகளைக் குவித்து வைத்திருந்தான். படம் கிழிந்த ஒன்றைப் போட்டுக் காட்டச் சொன்னேன். கட்டத்தின் மேல் மூலைக்குப் போய் அடித்தேன். கீப்பர் எதிர்ப்பக்கம் பாய்ந்து படுத்துக்கொண்டான்.

கேசட்டையும் ஒரு பழைய பெட்டியையும் வாங்கி ஊருக்கு எடுத்துப்போனேன். அக்காவும் அம்மாவும் கடலைமிட்டாய் பாக்கெட் போட்டுப் பிழைக்கிறார்கள். வீட்டில் இருப்பது அரசாங்கம் கொடுத்த புடைத்த கண்ணாடி டிவி. திருப்பூரில் இருந்ததும் அதே அளவுதான். செருகி ஓடவிட்டதும் ஆட்டம் தொடங்குகிற அந்தப் பாட்டு வந்தது. அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, கையை நீட்டினாள். கையாளியைக் கொடுத்தேன்.

"நான் செவப்பு" என்றாள்.

முதல் பாதி முழுக்கப் பந்து வெளியே வெளியே போனது. ஒவ்வொரு தடவை பந்து காலில் படும்போதும் சின்னதாக ஒரு சத்தம் வரும். அவள் தலையைச் சாய்த்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். எண்ணுவதுபோல உதடு அசைந்தது. விசில் ஊதியது.

"இப்ப இடப்பக்கமா?"

"ஆமாக்கா."

"சும்மா உக்காந்திருக்காத. வந்து மறி."

மறித்தேன். நிஜமாகத்தான் மறித்தேன். இரண்டு தடவை பறித்தேன். மூன்றாவது தடவை அவள் என்னைத் தாண்டி மேலே ஏறிப் போனாள், நின்றாள், அடித்தாள். கீப்பர் அந்தப் பக்கம் பாய்ந்தான். கோலுக்கு வருகிற அந்த மெட்டு வந்தது. உள்ளே இருந்து அம்மா, "என்னட்டீ சத்தம்?" என்றாள்.

அக்கா முன்னால் நகர்ந்து டிவியைத் தொட்டாள். கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து, இடப்பக்கமாக மெல்ல நகர்த்தி, ஓரிடத்தில் ஒற்றை விரலை மட்டும் ஊன்றினாள்.

"இங்கதான ஒட்டுனேன்?"

"அங்கதான்க்கா."

விரலை அவள் எடுக்கவில்லை.

"நீ பிய்க்கலதான?"

"பிய்க்கலக்கா."

"முதுகுல அடிச்சேன்லா" என்றாள். பிறகு பின்னால் நகர்ந்து உட்கார்ந்து, தரையில் தடவிக் கையாளியை எடுத்துக்கொண்டாள். "போடு. முதல் பாதி வேண்டாம். ரெண்டாவது மட்டும் போடு."

அந்தப் பெட்டியில் அப்படிப் போட முடியாது, முதலிலிருந்துதான் ஆட வேண்டும். அவளுக்கும் அது தெரியும். நான் முதலிலிருந்து போட்டேன்.